பாக்கெட்டில் வைக்க ஒரு மடக்குக் கத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடமாக ஏதாவது ஒரு மடக்குக் கத்தி என் பாக்கெட்டில் இருக்கிறது. நண்பர்கள், கூட வேலை செய்பவர்கள், சொந்தக்காரர் வீட்டுப் பையன்கள் என்று புதிதாக வாங்கப் போகிறவர்கள் வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். சமையலறைக் கத்தி, அரிவாள், காட்டுக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் உறைக்கத்தி எதுவும் இதில் வராது. மடங்கி, பாக்கெட்டில் அடங்கி, தினமும் கூட வருகிற கத்தி மட்டும்.

வீட்டில்தான் கத்தரிக்கோல் இருக்கிறதே, பாக்கெட்டில் வேறு கத்தி எதற்கு?

இருக்கிறது, தேடும்போதுதான் இருக்காது. ஒரு வாரம் நான் கத்தியை எதற்கெல்லாம் எடுக்கிறேன் என்று குறித்து வைத்தேன். கூரியர் பெட்டியின் டேப் ஐந்து தடவை, அரிசி மூட்டையின் தையல் நூல் ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கொய்யா, புதுச் சட்டையில் தொங்கிய விலைச்சீட்டு, முருங்கைக் கன்றைக் கம்போடு கட்டியிருந்த நைலான் கயிறு, பையனின் பென்சில் இரண்டு தடவை, அப்புறம் சார்ஜர் ஒயரின் மேல்தோல். அவ்வளவுதான். 6 செ.மீ.க்கு மேல் நீளமான அலகு (கத்தியின் வெட்டும் தகடு) கேட்கிற வேலை இதில் ஒன்றுகூட இல்லை. நீங்களும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் இப்படிக் குறித்துப் பாருங்கள், பாதிக் கேள்விகள் தானாகவே போய்விடும். வீடியோவில் எவனோ விறகைப் பிளப்பதைப் பார்த்துவிட்டு அதே கத்தியை வாங்கி வந்து டேப் கிழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தடித்த அலகால் ஒரு மாம்பழத்தைக்கூட ஒழுங்காகச் சீவ முடியாது.

இதை வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?

நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன்கீழ் வந்த 2016 விதிகளும் இருக்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு இருந்தால் அந்தக் கத்தி ஆயுதப் பட்டியலுக்குள் வரும். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நாம் பேசும் கத்திகள் 3 அங்குலத்தைச் சுற்றித்தான் இருக்கும், அளவை வைத்துப் பார்த்தால் பிரச்சினை இல்லை.

ஆனால் அளவோடு விஷயம் முடிவதில்லை. டெல்லியில் 1980-இல் வந்த ஓர் அறிவிக்கை, பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கிற கத்தி, ஸ்பிரிங் கத்தி வகைகளை 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்த ஊரில் பட்டன் கத்தி வழக்குகள் வருவதெல்லாம் அதை வைத்துத்தான். அதனால் நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் பட்டன் கத்தி பக்கமே போகாதீர்கள். டேப் கிழிக்க அது தேவையே இல்லை, வாகனச் சோதனையில் நிற்கும்போது விளக்கம் சொல்லவும் முடியாது. அதே சோதனையில் கார்க் திறக்கும் திருகாணியும் பாட்டில் திறப்பானும் உள்ள சிவப்பு சுவிஸ் கத்தியை எடுத்துக் காட்டினால் போலீஸ்காரரே அதில் கத்தரிக்கோல் எங்கே என்று கேட்பார். எனக்கு ஒருமுறை நடந்தது.

கோர்ட், தேர்தல் கூட்டம், மைதானம், பையை ஸ்கேன் செய்கிற எந்த இடமானாலும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் கத்தி கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில் போடலாம். இது தெரிந்தும் நான் ஒரு நல்ல கத்தியை விமான நிலையச் சோதனையில் இழந்திருக்கிறேன். பெட்டியை ஏற்கெனவே ஒப்படைத்தாகிவிட்டது, கூட வந்தவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், அங்கிருந்த தொட்டியில் போடுவதைத் தவிர வழி இல்லை. அன்றிலிருந்து ஊருக்குக் கிளம்பும் முந்தைய இரவே கத்தி பெட்டிக்குள் போய்விடும்.

வெளிநாட்டில் இருக்கிறேன், எனக்கு?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத வெட்டும் விளிம்புள்ள மடக்குக் கத்தியைக் காரணம் கேட்காமல் விடுவார்கள். பூட்டு இருந்தால் தக்க காரணம் காட்ட வேண்டும். ஜெர்மனியில் ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணம் இல்லாமல் வெளியே எடுத்துப் போகக் கூடாது. கனடாவில் தானாகத் திறப்பதும், மணிக்கட்டை உதறினால் திறப்பதும் தடை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சட்டபூர்வமான காரணம் இல்லாமல் பையில் கத்தி இருப்பதே வம்பு, அங்கே வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அலகு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

6 முதல் 7.5 செ.மீ. அதற்குக் கீழே போனால் ஆப்பிளை ஒரே இழுப்பில் பிளக்க முடியாது, மேலே போனால் பாக்கெட்டில் கனக்கும், பார்ப்பவர் முகமும் மாறும். நீளத்தைவிட அலகின் தடிமனைத்தான் பார்க்கச் சொல்வேன். முதுகுப் பக்கம் 2 மி.மீ. அளவில் இருந்து விளிம்பை நோக்கி மெல்லிதாகச் சரிந்தால் அட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். 4 மி.மீ. தடிமன் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். அது கொய்யாவை வெட்டாது, உடைக்கும்.

பூட்டு வேண்டுமா, வேண்டாமா?

பூட்டில்லாத கத்தியில் முதுகில் உள்ள ஸ்பிரிங்கின் இறுக்கம்தான் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துகிறது. இழுத்து அறுக்கும் வேலைக்கு அது போதும். குத்துவது, முனையால் நெம்புவது, துளை போடுவது என்று அலகை முன்னால் தள்ளும் வேலை இருந்தால் அது விரல் மேலேயே மடங்கும். என் ஆட்காட்டி விரலில் இருக்கும் தழும்பு ஒரு பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பப் போய் வந்தது, தப்பு என்னுடையது, அதற்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்திருக்க வேண்டும்.

பூட்டு வகைகளில் பழையது முதுகில் அழுத்தி விடுவிக்கும் லாக்பேக். அமெரிக்காவின் பக் 110 கத்தி 1964-இல் வந்து அதைப் பரப்பியது. உறுதியானது, ஆனால் சுமார் 200 கிராம், பாக்கெட்டில் போட்டால் பேண்ட் ஒரு பக்கம் இறங்கும். இன்று கடையில் அதிகம் கிடைப்பது லைனர் லாக், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து வந்து அலகின் அடியில் நிற்கும். மூடும்போது கட்டைவிரல் அலகு வரும் வழியிலேயே இருக்கும், அதுதான் இதில் உள்ள வம்பு. தகடு விலகியதும் அலகை லேசாகத் தள்ளிவிட்டு விரலை எடுத்துவிடப் பழகுங்கள். தகட்டுக்குப் பதில் பிடியின் ஒரு பக்கமே பூட்டாக வேலை செய்தால் அது ஃப்ரேம் லாக்.

வாங்கும் இடத்தில் திறந்து பிடித்து அலகை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அலகு பிடியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் நாள் போய்விடும்.

எந்த ஸ்டீல் நல்லது?

இந்தக் கேள்வியில்தான் ஆட்கள் மாதக்கணக்கில் மூழ்கிப் போகிறார்கள். சிவப்பு சுவிஸ் கத்தி செய்கிற விக்டோரினாக்ஸின் ஸ்டீல், கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் சுமார் 56 தான், கத்திப் பைத்தியங்கள் அதை மிருது என்று கேலி செய்வார்கள். சரி, மிருதுதான், அதனால்தான் ஐந்து நிமிடத்தில் எந்தக் கல்லிலும் தீட்ட முடிகிறது. சீனக் கத்திகளில் மலிவானவற்றில் 8சிஆர்13எம்ஓவி என்று பொறித்திருக்கும், அது போதுமான ஸ்டீல். அதற்கு ஒரு படி மேலே ஸ்வீடனின் 14சி28என், துருவையும் தாங்கும், கூரும் நிற்கும், தீட்டவும் சுலபம். எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதுதான். எஸ்30வி மாதிரி விலை கூடியவற்றில் கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் மழுங்கிய பிறகு சாதாரணக் கல்லோடு நீங்கள் படும் பாடு வேறு.

டி2 என்ற ஸ்டீல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு விலையில் இதைத்தான் உயர்ந்த ஸ்டீல் என்று விற்கிறார்கள். இதில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, எண்ணைப் பார்த்தால் ஸ்டெயின்லெஸ் மாதிரி தெரியும். ஆனால் கார்பனும் ஒன்றரை சதவீதம் அளவில் இருப்பதால் குரோமியத்தின் பெரும்பகுதி அதோடு சேர்ந்து கார்பைடு என்ற சேர்மமாகிப் போகிறது, துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. மே மாதச் சென்னையில் பேண்ட் பாக்கெட்டில் வியர்வையோடு ஒரு வாரம் இருந்தால் அலகில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும்.

அப்படியென்றால் கார்பன் ஸ்டீல் வேண்டவே வேண்டாமா?

கார்பன் ஸ்டீல் என்பது குரோமியம் குறைந்த, எளிதில் துருப்பிடிக்கும் ஸ்டீல், துடைக்கும் பழக்கம் இருந்தால் வாங்கலாம். அதன் கூரே தனி. எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கினால் சில நிமிடத்தில் அலகில் சாம்பலும் நீலமுமாகக் கறை படரும், அது துரு இல்லை, நாளாக நாளாக அந்தக் கறையே ஒரு காப்பாக நிற்கும். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. ஒரு சரஸ்வதி பூஜைக்கு என் கார்பன் கத்தியை மற்ற சாமான்களோடு மணையில் வைத்து, அம்மா அலகின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பது வழக்கம். மறுநாள் எடுத்துத் துடைத்தால் ஈரச் சந்தனம் இருந்த இடத்தில் கச்சிதமாக ஒரு ரூபாய் அகலத்துக்குத் துருப் பொட்டு. பல வருடம் ஆகியும் அந்த வட்டம் லேசாகத் தெரிகிறது. இப்போதெல்லாம் பொட்டு பிடியில்தான்.

ஒபினெல் மழைக்காலத்தில் திறக்கவே மாட்டேன் என்கிறதே?

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி இது. பீச் மரப்பிடி, ஒரு அலகு, 1955-இல் சேர்த்த திருகு வளையம்தான் பூட்டு. மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து நாலு நாள் மழை பிடித்தால் பிடியின் பிளவு சுருங்கி அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் நகம்தான் பிய்யும். அந்த ஊர்க்காரர்களே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகின் முனை வெளியே எட்டிப் பார்க்கும், அதைப் பிடித்துத் திறக்கலாம். வெயில் வந்ததும் நன்றாகக் காயவைத்து, மூட்டுப் பகுதியில் கொஞ்சம் மெழுகை உருக்கி ஊற்றி, ஹேர் டிரையரால் சூடு காட்டி உள்ளே இறங்க விடுங்கள். அடுத்த மழைக்கு அவ்வளவு மோசமாக இருக்காது. முழுதாகத் தீராது, மரம் மரம்தான்.

ஒற்றைக் கையால் திறப்பது அவசியமா?

ஏணி மேல் நிற்பவருக்கும், ஒரு கையில் கயிற்றை இழுத்துப் பிடித்திருப்பவருக்கும் அவசியம். ஸ்பைடர்கோ 1981-இலேயே அலகில் வட்ட ஓட்டை போட்டு அதைக் கட்டைவிரலால் தள்ளித் திறக்கும்படி செய்தது, பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பையும் கொடுத்தது. நல்ல யோசனைதான். ஆனால் அலுவலக உணவறையில் உட்கார்ந்து ஆப்பிளை வெட்ட சடக்கென்று ஒரு சத்தத்தோடு கத்தியைத் திறந்து பாருங்கள், பக்கத்து மேசையில் பேச்சு நின்றுவிடும். இரண்டு கையால், நகத்தை வைத்து மெதுவாகத் திறக்கிற கத்தியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய மாதிரிக்குத் திரும்பிவிட்டேன்.

சரி, பெயர் சொல்லுங்கள், எதை வாங்க?

முதல் கத்தி என்றால் விக்டோரினாக்ஸ். கார்ல் எல்செனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் தொடங்கிய பட்டறை, 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது, 1897-இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்திதான் இன்றைய சிவப்புக் கத்தியின் பாட்டன். 91 மி.மீ. நீளப் பிடியில் ஸ்பார்ட்டன் என்ற மாடல் சுமார் 60 கிராம்தான், பெரிய அலகு, சின்ன அலகு, டப்பா திறப்பான், பாட்டில் திறப்பான், திருகாணி இருக்கும். ஒயின் கார்க் திறக்கும் அந்தத் திருகாணி நமக்கு எதற்கு என்றால், இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்க அதைப் போல ஒரு கருவி கிடையாது. அதுவும் வேண்டாம் என்றால் டிங்கர் மாடலில் அந்த இடத்தில் நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் வரும். இன்னும் மெல்லியது வேண்டுமானால் 84 மி.மீ. கேடட், அலுமினியப் பிடி, பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. சாவிக்கொத்தில் தொங்கவிட 58 மி.மீ. கிளாசிக் எஸ்டி, அதன் குட்டிக் கத்தரிக்கோலைத்தான் வீட்டில் எல்லாரும் கடன் கேட்பார்கள்.

பழம், ரொட்டி, காய் என்று வெட்டுவதுதான் அதிகம் என்றால் ஒபினெல், 7 செ.மீ. அலகுள்ள 6-ஆம் எண்ணோ, கொஞ்சம் நீளம் கூடினாலும் பரவாயில்லை என்றால் 8.5 செ.மீ. உள்ள 8-ஆம் எண்ணோ, ஸ்டெயின்லெஸ் வகையாகப் பார்த்து. நாள் முழுக்கப் பெட்டி உடைக்கும் கிடங்கு வேலை என்றால் மடக்குக் கத்தியே வேண்டாம், அலகு மாற்றும் கட்டரை வாங்குங்கள். அட்டை மாதிரி அலகின் கூர்மையைத் தின்னும் பொருள் குறைவு.

ரம்பப் பல் வைத்த அலகு?

கயிறு அறுக்க நன்றாக இருக்கும், தீட்டுவது தலைவலி. வேண்டாம்.

ஆன்லைனில் அலை அலையாகக் கோடு போட்ட டமாஸ்கஸ் கத்தி மலிவாகக் கிடைக்கிறதே?

பல சமயம் சாதா ஸ்டீல் மேல் லேசரால் வரைந்த கோலம்தான் அது. கொஞ்சம் தேய்த்துத் தீட்டினால் கோடு மறையும். நிஜமாகவே இரண்டு ஸ்டீலை அடுக்கி அடித்துச் செய்ததாக இருந்தாலும் அது அழகுக்குத்தான். பழைய டமாஸ்கஸ் வாள்களின் பெயர் பெற்ற உருக்கு தென்னிந்தியாவில் மண்மூசையில் உருக்கி எடுத்துக் கட்டியாக ஏற்றுமதியானது, அது வேறு கதை, அந்தப் பெருமையை இந்தக் கத்திக்குச் சேர்க்க வேண்டாம்.

கூர் மழுங்கிவிட்டது, சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா?

அரிவாள்மனையைக் கொடுங்கள், பாக்கெட் கத்தியைக் கொடுக்காதீர்கள். அவர் வேலை தெரியாதவர் என்பதால் இல்லை. அந்தச் சக்கரத்தின் வேகத்துக்கு மெல்லிய அலகு நொடியில் சூடாகிவிடும். விளிம்பு நீலம் பாரித்தால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள், பதம் போய்விடும், அதற்கப்புறம் எத்தனை தீட்டினாலும் இரண்டு நாள்தான் நிற்கும்.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 தரமுள்ள கல் ஒன்று. தண்ணீர் தெளித்து ஈரத்துணி மேல் வையுங்கள், நகராது. அலகைக் கல்லின் மேல் தட்டையாக வைத்து முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள், செங்குத்தாக நிறுத்தினால் 90 டிகிரி, பாதி சாய்த்தால் 45, அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக 20 டிகிரி. அந்தச் சாய்வு மாறாமல் கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பது போல அடியிலிருந்து முனை வரை இழுங்கள். சாய்வு சரியா என்று சந்தேகம் வந்தால் ஸ்கெட்ச் பேனாவால் விளிம்பில் மை பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள், மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. ஒரு பக்கமாகத் தீட்டிக்கொண்டே போனால் எதிர்ப்பக்கத்தில் விரல் நுனிக்கு நெருடுகிற மாதிரி மெல்லிய பிசிறு எழும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் திருப்ப வேண்டும், முக்கால்வாசிப் பேர் இதற்கு முன்னாலேயே திருப்பிவிட்டு, அப்புறம் கூர் வரவில்லை என்பார்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகை முன்னால் வைத்து இருபது இழுப்பு. செய்தித்தாளைத் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள், கிழியாமல் இறங்கினால் போதும்.

கல் இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாத சொரசொர வளையத்தில் தீட்டுங்கள். மாமனார் வீட்டில் காபி குடித்த கையோடு நான் செய்வது அதுதான்.

வேறு பராமரிப்பு?

பலாப்பழம் வெட்டினால் முன்பே அலகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பால் ஒட்டாது. மூட்டில் மட்டும் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் திறந்து மூடிக் கழுவிக் காயவையுங்கள், உள்ளே இருந்து வரும் பஞ்சைப் பார்த்தால் மலைத்துப் போவீர்கள்.

தற்காப்புக்கு உதவுமா?

உதவாது. அதற்காக வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள், பயத்தில் நீட்டிய கத்தி முதலில் உங்களையே ஜெயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்பும்.

பரிசாகக் கொடுக்கலாமா? சண்டை வரும் என்கிறார்களே?

எங்கள் வீட்டில் கத்தியையும் உப்பையும் கையில் கொடுக்க மாட்டார்கள், கீழே வைத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். நம்பிக்கையை விடுங்கள், திறந்த அலகைக் கைமாற்றாமல் இருப்பது நல்ல பழக்கம்தானே. வாங்குகிறவர் ஒரு காசு கொடுத்துவிட்டால் அது பரிசு இல்லை, வியாபாரம், உறவு அறுபடாது என்று ஐரோப்பாவிலும் ஒரு வழக்கம் உண்டு. பெரியப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஸ்பார்ட்டன் ஒன்று வாங்கிப்போய் இதைச் சொன்னேன். சட்டைப் பையைத் துழாவி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் கையில் வைத்தவர், கத்தியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரசீது எங்கேடா?" என்றார்.